எது 'அசல்' ராக்?

ராக், மெட்டல் பாடல்களைப் பகிரும்போதெல்லாம் யாராவது தீர்ப்பு எழுதுகிறார்கள்: "இது அசல் இல்லை." யார் வைத்த அளவுகோல் இது?

'டெத்' குழுவை எடுத்துக்கொள்வோம். புளோரிடாவின் மெட்டல் குழு அல்ல. டெட்ராய்ட் நகரின் கறுப்பினச் சகோதரர்கள் மூவர். பங்க் என்ற பெயர் பரவும் முன்பே, 1975இல், அந்த வேகத்தில் ஏழு பாடல்களைப் பதிவு செய்தார்கள். கறுப்பர்கள் சோல் பாடினால் போதும் என்று நினைத்த காலம். பெயரை மாற்றச் சொன்னார்கள், மறுத்தார்கள். வாய்ப்பு போனது. தாங்களே 500 இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். அந்த ஏழு பாடல்களும் ஆல்பமாக வந்தது 2009இல்தான். குழுவைத் தொடங்கிய டேவிட் அதற்குள் இறந்துவிட்டார்.

அவர்களை மீட்டது யார்? பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டு, "இதைக் கேளுங்கள்" என்று கைமாற்றிய ரசிகர்கள்.

தோழர்களே, பரிந்துரை வெறும் ரசனை அல்ல. யாருடைய குரல் காதில் விழவேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம். பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கிய ஊரில் பிறந்த நமக்கு 'அசல்', 'தரம்' என்ற சொற்களின் வாடை தெரியாதா?

பாட்டு பிடிக்கவில்லையா, காரணத்தோடு சொல்வோம். ஆனால் வாசலில் நின்று குலம் கோத்திரம் விசாரிக்க வேண்டாம். அடுத்த பட்டியலை ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்து தொடங்குவோம்.