வில்னியஸில் யார் யாரோடு வாழ்ந்தார்கள்?

லிதுவேனியத் தலைநகர் வில்னியஸுக்குப் போய்வரும் நம் ஆட்களின் பயணக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: பல இனமும் பல மதமும் ஒற்றுமையாக வாழ்ந்த நகரம். சரி, வாழ்ந்தார்கள். அப்புறம் எங்கே போனார்கள்? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

1323-ல் கெடிமினாஸ் ஜெர்மானிய நகரங்களுக்குக் கடிதம் எழுதி வணிகர்களையும் கைவினைஞர்களையும் அழைத்ததைப் பெருந்தன்மை என்கிறார்கள். ஆள் தேவைப்பட்டது, கூப்பிட்டார், அவ்வளவுதான். (எங்கள் ஐடி துறையில் விசா கொடுப்பதும் இதே கணக்குதான்.)

1897 கணக்கெடுப்பின்படி நகரில் யூதர்கள் சுமார் 40 சதவீதம், போலந்துக்காரர்கள் 31, லிதுவேனியர்கள் வெறும் 2. அந்த ஒற்றுமையின் லட்சணத்தைப் பாருங்கள்: லிதுவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிட 1864 முதல் 1904 வரை ஜார் அரசின் தடை. போலந்து ஆட்சியில், 1937-ல், பல்கலைக்கழக வகுப்பறையில் யூத மாணவர்களுக்குத் தனி பெஞ்சு. வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்பதற்காக அதை ஒற்றுமை என்று சொல்லிவிட முடியாது.

1941 ஜூனில் ஜெர்மானியர்கள் வந்தார்கள். நகருக்கு வெளியே பொனாரிக் காட்டில் சுமார் 70,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்களில் உள்ளூர் லிதுவேனியர்களும் உண்டு. அந்தக் காலத்தில்தான், 1942 டிசம்பரில், கெட்டோ நூலகம் ஒரு லட்சமாவது புத்தகத்தை இரவல் கொடுத்ததற்கு விழா எடுத்தது. வெளியே கொலை, உள்ளே வாசிப்பு. பன்முகப் பண்பாடு என்று எழுதுகிறவர்கள் இந்த விழாவைப் பற்றியல்லவா எழுத வேண்டும்! ஆனால் எழுதினால் காட்டையும் எழுதியாக வேண்டும். சுற்றுலாவுக்கு அது ஒத்துவராது.

போருக்குப் பின் போலந்துக்காரர்களைப் பெருமளவில் போலந்துக்கு ரயிலேற்றினார்கள். சிதிலமாகிக் கிடந்த பெரிய யூதத் தொழுகைக்கூடத்தைச் சோவியத் அரசு 1950களில் இடித்துத் தள்ளியது. பிறகு அந்த இடத்தில் பள்ளிக்கூடம் எழுப்பினார்கள்.

"பழசையெல்லாம் ஏன் கிளறணும், நல்லதை மட்டும் பார்க்கலாமே" என்பார் நண்பர் ஒருவர். பழசா? பழைய யூத இடுகாட்டின் மேல் சோவியத் காலத்தில் ஒரு விளையாட்டு அரங்கம் கட்டினார்கள். அதை மாநாட்டு மையமாக மாற்றப் போவதாக இன்றைய லிதுவேனிய அரசே கிளம்பியது. உலகெங்கும் யூதர்கள் எதிர்த்தார்கள். திட்டத்தைக் கைவிட 2021 ஆகிவிட்டது.