மூளையில் விளக்கு எரியவில்லை

"மூளையின் இந்தப் பகுதி ஒளிர்கிறது" என்ற வாக்கியத்தை இனி எந்தக் கட்டுரையில் பார்த்தாலும் அங்கேயே மூடிவைத்துவிடலாம் என்றிருக்கிறேன். ஒருகாலத்தில் நானும் அப்படி எழுதியவன்தான், ஒத்துக்கிறேன்.

மூளைக்குள் எதுவும் ஒளிர்வதில்லை. எஃப்எம்ஆர்ஐ கருவி நியூரானைப் பார்ப்பதே இல்லை. 1990இல் செய்ஜி ஓகாவா குழு காட்டியது இதுதான்: ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் பக்கத்திலுள்ள காந்தப்புலத்தைக் கலைக்கும். நியூரான்கள் வேலை செய்யும் இடத்துக்குத் தேவைக்கு மேலேயே புது ரத்தம் பாயும்; கலைப்பு குறையும், சிக்னல் கூடும். நியூரானின் துடிப்பு மில்லிவினாடிக் கணக்கு. ரத்தம் உச்சம் தொட ஐந்தாறு வினாடி. சிவப்பும் மஞ்சளும் புள்ளிவிவரத்தின்மேல் பூசிய சாயம், அவ்வளவே.

நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள். சரி, எந்த நெருப்பு?

2001இல் நிகோஸ் லோகோதெடிஸ் குழு குரங்குகளின் பார்வைப் புறணியில் மின்முனையைச் செருகி, அதே நேரத்தில் ஸ்கேனும் எடுத்தது. நியூரான்கள் வெளியே அனுப்பும் துடிப்புகளைவிட, அந்த இடத்துக்கு வந்துசேரும் உள்ளீட்டைக் காட்டும் மெதுவான மின்னலைகளே ரத்த சிக்னலோடு கொஞ்சம் கூடுதலாக ஒத்துப்போயின. அந்தப் பகுதி என்ன பேசியது என்பதைவிட, அதன் காதில் என்ன விழுந்தது என்பதற்கே படம் நெருக்கம்.

இங்கேதான் சண்டையே. கண்முன் இருக்கும் உருவம் பிரக்ஞையிலிருந்து மறையும்போது முதன்மைப் பார்வைப் புறணியும் அடங்குகிறது என்றன மனித ஸ்கேன்கள். பெரும்பாலான நியூரான்கள் அசைவதில்லை என்றன குரங்குகளின் மின்முனைகள். மனுஷன் வேற, குரங்கு வேற என்று சொல்லித் தப்பிக்க வழியிருந்தது. 2008இல் அலெக்சாண்டர் மையரும் சகாக்களும் அந்த வழியை அடைத்தார்கள். அதே குரங்குகள், அதே மாயத்தோற்றம், இரண்டு அளவீடுகள். சுற்றிலும் நகரும் புள்ளிகளைக் காட்டி உருவத்தை மறையச் செய்தபோது ரத்த சிக்னல் சரிந்தது. துடிப்புகள் பாட்டுக்குத் தொடர்ந்தன. உருவத்தைச் சும்மா பார்க்கையில் ஒத்துப்போன இரண்டும், பிரக்ஞை என்ற கேள்வி வந்ததும் பிரிந்துவிட்டன. நம் கட்டுரையாளர்கள் ஸ்கேனைச் சாட்சிக்கு அழைப்பதோ சரியாக அந்தக் கேள்விக்குத்தான்!

ஸ்கேன் பொய் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பகுதிக்கு வேலை வந்தது என்பதற்கு, மண்டையைத் திறக்காமல், இதைவிட நல்ல கருவி குறைவு.

2009இல் சிரோட்டினும் அனிருத்தா தாஸும் வேறொன்று கண்டார்கள். இருட்டறையில், குறித்த இடைவெளியில் ஒரு புள்ளியை உற்றுப்பார்க்கப் பழகிய குரங்குகள். ஸ்கேனரால் அல்ல, புறணியையே நேரடியாகப் படம்பிடித்தார்கள், மின்முனையும் வைத்தார்கள். அடுத்த முறைக்கான நேரம் நெருங்கும்போதே பார்வைப் புறணிக்கு ரத்தம் வந்து நின்றது. அங்கிருந்த நியூரான்களின் செயல்பாட்டைக் கொண்டு அதை விளக்க முடியவில்லை. பார்க்கவோ அனேகமாக ஒன்றுமே இல்லை.

இதை 'ஒளிர்ந்தது' என்று எழுதுகிறவர், குரங்கு எதைப் பார்த்ததாக எழுதுவார்?