பைக்குள் அரிவாள்!

காலை எட்டு மணிக்குக் கொட்டாம்பட்டி பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். முதுகிலே பை. பைக்குள் என்ன இருக்கும்? புத்தகம், நோட்டு, சாப்பாட்டு டப்பா. பெற்றவர்கள் அப்படித்தான் நினைக்கிறோம்.

பாளையங்கோட்டையில் ஒரு பையனின் பைக்குள் அரிவாள் இருந்தது.

2025 ஏப்ரல் 15-ந் தேதி அது நடந்தது. எட்டாம் வகுப்புப் பையன். பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த அரிவாளை எடுத்து, கூடப் படிக்கும் மாணவனை வெட்டினான். தடுக்க ஓடிய ஆசிரியருக்கும் வெட்டு விழுந்தது. நல்ல வேளை, உயிர் போகவில்லை. என்ன காரணம்? ஒரு பென்சில்! பென்சிலுக்காக முன்பு வந்த சண்டையில் இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்களாம். போலீசார் சொன்ன சேதி இது.

பென்சில் சண்டை எந்த வகுப்பில்தான் இல்லை? நாமும் போட்டவர்கள்தானே! காய் விட்டு, மறுநாள் பழம் விட்டோம். இந்தப் பையன் அரிவாளைத் தேடியிருக்கிறான். அவன் கைக்கு அது எட்டியும் இருக்கிறது.

துப்பாக்கிக்கு லைசென்ஸ்

அமெரிக்காவில் இதே கதை துப்பாக்கியால் நடக்கிறது. 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்து யுவால்டி ஊரில், 18 வயது இளைஞன் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியைத் திருடவில்லை. 18 வயது நிறைந்ததும் கடையில் காசு கொடுத்து வாங்கினான். சட்டம் அவனைத் தடுக்கவில்லை.

ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் 1996-ல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெற்ற வயிறுகள் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து வாங்கினார்கள். கதவு கதவாகத் தட்டினார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டனில் தனியார் கைத்துப்பாக்கி வைத்துக் கொள்ளத் தடை வந்துவிட்டது. அதற்குப் பின் அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கூட்டக் கொலை நடக்கவில்லை.

நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்க முடியாது. 21 வயது ஆகாதவர்களுக்கு லைசென்சும் கிடையாது. அதனால்தான் நம் பள்ளிகளில் துப்பாக்கிச் சத்தம் அரிதாகவே கேட்கிறது. இது நல்ல சட்டம்.

கூரையில் செருகிய அரிவாள்

ஆனால் அரிவாளை என்ன செய்வது?

இதற்கும் விதி உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதமாகக் கருதப்படும். ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிக்கு விலக்கு உண்டு. விலக்குத் தராமலும் முடியாது. கதிர் அறுக்க, தேங்காய் வெட்ட, வேலிமுள் கழிக்க, கறி நறுக்க எல்லாவற்றுக்கும் அரிவாள் வேண்டும். கொட்டாம்பட்டிப் பக்கம் தென்னை வைத்திருக்கும் வீட்டில் அரிவாள் இல்லாமல் பொழுது போகுமா?

2021-ல் தமிழ்நாட்டுப் போலீசார் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அரிவாள் வாங்குகிறவரின் பெயர், விலாசத்தை எழுதி வையுங்கள், முகம் தெரியாதவனுக்கு விற்காதீர்கள் என்றார்கள். சரியான யோசனைதான். கூலிக்குக் கொலை செய்கிறவனுக்கு அது தடை. எட்டாம் வகுப்புப் பையன் பட்டறைக்குப் போக வேண்டியதே இல்லையே! அப்பா கூரையில் செருகி வைத்திருப்பதை எடுத்தால் போதும்.

சிலர், "பையன்களுக்கும் பெரியவர்களைப் போல் தண்டனை கொடு" என்கிறார்கள். 2015-ம் ஆண்டுச் சட்டப்படி, 16 வயதுக்கு மேற்பட்டவன் கொடிய குற்றம் செய்தால் பெரியவர்களைப் போல விசாரிக்க வழி இருக்கிறது. இருந்தும் என்ன? வெட்டு விழுந்த பிறகுதான் தண்டனை வரும். அரிவாளைப் பைக்குள் வைக்கும் பையன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறானா?

மேலூர் வட்டத்துக்காரர்களுக்கு அரிவாளைப் பற்றி வெளியூர்க்காரன் சொல்ல வேண்டியதில்லை. 1997 ஜூன் 30-ந் தேதி மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் 5 பேரையும் சாதி வெறியில் வெட்டிக் கொன்றார்கள். அவர்கள் வந்த பஸ்சை மறித்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் பள்ளிப் பையன்கள் அல்ல. மீசை வைத்த பெரியவர்கள். பையன்கள் யாரைப் பார்த்துப் படிக்கிறார்கள்?

நாங்குநேரிப் பையன்

2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பையன், பிளஸ்-டூ மாணவன். கூடப் படித்தவர்கள் சாதி சொல்லித் துன்புறுத்தினார்கள். அவன் சில நாள் பள்ளிக்கே போகவில்லை. பிறகு காரணம் தெரிந்து, புகார் எழுதிக் கொடுத்தான். அன்று இரவே அரிவாளோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவனையும், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். அரிவாள் இரவில் வந்தது. ஆனால் வம்பு பல நாளாக வளர்ந்திருந்தது. பையன் பள்ளிக்கு வராததே ஒரு சேதி அல்லவா? புகார் கொடுத்தவன் அன்று இரவு பத்திரமாக இருப்பானா என்று கேட்க ஆள் வேண்டாமா?

இதற்குப் பின் அரசாங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை விசாரிக்கச் சொன்னது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு கூடாது. பள்ளியின் பெயரில் சாதி கூடாது. பெயரின் எழுத்து வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும் என்றார். 500 மாணவருக்கு மேல் படிக்கும் பள்ளியில் நல அலுவலர் வேண்டும் என்றும் சொன்னார். கயிற்றைப் பற்றித்தான் ஊரெல்லாம் வாதம் நடந்தது. எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்த நல அலுவலர்தான். வாத்தியாருக்குப் பாடம் நடத்தவே நேரம் போதவில்லை. பையனின் முகம் வாடியதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

வெட்டுப்பட்ட அந்தப் பையன் படிப்பை விடவில்லை. அவன் சொல்லச் சொல்ல இன்னொருவர் பரீட்சை எழுதினார். 2024-ல் 600-க்கு 469 மார்க்கு வாங்கினான்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்தான் அதில் அதிகம். அடுத்த கூட்டத்துக்குத் தாய்மார்கள் தவறாமல் போங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி விடாதீர்கள். "என் பிள்ளை மூன்று நாள் வகுப்புக்கு வராவிட்டால், யார் என் வீட்டுக்கு வந்து காரணம் கேட்பார்கள்?" என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அந்த ஆளின் பெயரை எழுதி வாங்கி வாருங்கள்.