ஈயக்குண்டு எதுக்குங்க, சீயக்காய் இருக்கறப்ப?

தூண்டில் பத்தி யார் எழுதினாலும் கடைசியில ஒரே உபதேசம்தான்: "மூழ்கலையா? ஒரு ஈயக்குண்டைக் கடிச்சு மாட்டு." கொஞ்சம் காசு இருக்கறவரா இருந்தா, "ஃப்ளோரோகார்பன் நரம்பு வாங்குங்க சார், தானா மூழ்கும்." ரெண்டுமே தப்புங்கறதுதான் இந்தப் பதிவு. தூண்டிலே பிடிக்காதவங்களும் கடைசி ரெண்டு பத்தியை மட்டுமாவது படிச்சுடுங்க.

மொதல்ல கணக்கு. இறகும் நூலும் சுத்தின முள்ளை, வெள்ளைக்காரன் 'ஃப்ளை'ன்னு சொல்றதை, ஏரியில வீசறோம். முள்ளும் மிதக்குது, நரம்பும் மிதக்குது. கனம் பத்தலையா? நைலானோட அடர்த்தி 1.14, தண்ணியை விட அதிகம். 0.20 மி.மீ. நரம்பு ஒரு மீட்டர் எடுத்தா, தண்ணிக்குள்ள அதோட நிகர எடை சுமார் 4 மில்லிகிராம். அதே ஒரு மீட்டரைத் தண்ணியோட பரப்பு இழுவிசை அதிகபட்சம் 14 கிராம் வரைக்கும் தாங்கும். மில்லிகிராம் இல்லைங்க, கிராம்! ஃப்ளோரோகார்பனோட அடர்த்தி 1.78, நிகர எடை 24 மில்லிகிராம். 14 கிராமுக்கு முன்னாடி நாலென்ன, இருபத்து நாலென்ன?

ஆக, பிரச்சனை கனம் இல்லை, நனையாததுதான். நரம்புல தொழிற்சாலை எண்ணெய், நம்ம கையோட பிசுக்கு. அது இருக்கற வரைக்கும் தண்ணி அதைத் தலைமேல தூக்கி வச்சிருக்கும். நனைஞ்சா தானா இறங்கிடும்.

இதைக் காஞ்சிபுரத்துக்காரனுக்கு யாராச்சும் சொல்லித் தரணுமா? பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவச்சு, பசையை எடுத்தப்புறம்தானே சாயத்துல போடறோம்? பசை போனாத்தான் சாயம் உள்ள இறங்கும். 1938ல நைலான் அறிவிக்கப்படறதுக்கு முன்னாடி இங்கிலாந்துக்காரன் வீசினதும் பட்டு நரம்புதான். மிதக்கணும்னா கொழுப்பு தடவுவான், மூழ்கணும்னா தடவாம விடுவான். அவ்வளவுதான் ரகசியம்.

நான் பண்றது இது. ஏரிக் களிமண்ணுல ஒரு நெல்லிக்காய் அளவு, அதுல சீயக்காய்த் தூளைப் பிசையணும். (சீயக்காய்ல இருக்கற சபோனின் சோப்பு மாதிரியே வேலை செய்யும்.) நரம்போட கடைசி மூணு, நாலு அடியை அதுக்குள்ள வச்சு ரெண்டு தடவை உருவணும். முள்ளை அதே சீயக்காய்த் தண்ணியில அமுக்கிப் பிழிஞ்சு காத்தை வெளியேத்தணும். முள்ளுல சுத்தறதுக்குத் தறியில விழற பட்டு நூல் கழிவே போதும், நல்லா தண்ணி குடிக்கும். செலவு? வீட்ல திட்டு வாங்கறது மட்டும்தான் :)

"ஆழத்துக்கும் ஓட்டத்துக்கும் கனம் வேணுமே"ன்னு பின்னூட்டத்துல வருவீங்க. வேணும்தான், ஒரு சின்ன இரும்பு நட்டைக் கட்டுங்க. ஆனா தென்னேரிக் கரையில இடுப்பளவு தண்ணியில ஜிலேபி பிடிக்க எதுக்குங்க ஈயம்?

அறுந்து போற ஒவ்வொரு ஈயக்குண்டும் ஏரியிலயேதான் கிடக்கும். வாத்துக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கறதுக்குச் சின்னச் சின்னக் கல்லை முழுங்கும். குண்டு எது, கல் எதுன்னு அதுக்குத் தெரியாது. இப்படித்தான் இங்கிலாந்துல அன்னங்கள் செத்து விழுந்து, 1987லேர்ந்து அங்கே 28.35 கிராம் வரைக்குமான ஈயக்குண்டு விக்கறதையே தடை பண்ணினாங்க. வேடந்தாங்கல், 2019ல மாவட்டம் பிரிஞ்சதுலேர்ந்து செங்கல்பட்டுக்குப் போயிடுச்சு, 2022ல ராம்சார் பட்டியலுக்கும் போயிடுச்சு. ஆனா அங்கே வர்ற பறவைக்கு மாவட்ட எல்லை தெரியுமா? இரை தேடி நம்ம ஏரிகளுக்கும்தான் வரும்.

அது போகட்டும். அந்தக் குண்டைப் பல்லால கடிச்சு மூடறது யாரு? பத்து வயசுப் பையன். அப்பா கடிக்கறதைப் பார்த்து அவனும் கடிக்கறான். ஈயம் குழந்தைங்க மூளையைப் பாதிக்கும்னு உலகத்துக்கே தெரியும். நாலு மில்லிகிராம் நரம்பை நனைக்கத் தெரியாததுக்கு அந்தப் பையனா விலை கொடுக்கணும்? களிமண்ணு கரையிலயேதாங்க இருக்கு. குனிஞ்சு எடுங்க.