சந்தாவையும் தராசில் வைப்போம்



ஒரு காலத்தில் நமது கடைக்குச் சந்தா என்றால் சங்கச் சந்தாவும் நாளிதழ்ச் சந்தாவும்தான். இன்று பில் போடும் சாப்ட்வேர், கடன் கணக்கு எழுதும் ஆப், பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி, கேமரா பதிவு, விலை நிலவரக் குழு, பாட்டு, படம் என்று மாதந்தோறும் பணம் பிடித்தம் ஆகிக்கொண்டிருக்கிறது. சேலையூரில் பத்துக்குப் பத்தில் கடை வைத்திருப்பவர் முதல் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் மொத்த வியாபாரம் செய்பவர் வரை யாரும் இதற்கு விலக்கல்ல. மூட்டைக்கு இரண்டு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசும் வர்க்கம் நமது வர்க்கம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பெரியவர்கள் வாக்கு. சந்தாவையும் அளந்தே போடவேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எல்லாச் சந்தாவும் சேர்ந்து மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மளிகையில் வாடகை, மின்சாரம், ஆள் கூலி எல்லாம் போக நூற்றுக்கு நான்கு ரூபாய் கையில் நிற்கிறது என்றால், இந்த 2,000 ரூபாயை எடுக்க 50,000 ரூபாய்க்குச் சரக்கு விற்றாகவேண்டும். ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் விற்பனை சந்தாவுக்கே சரியாகிவிடுகிறது. ஆகவே "மாதம் இருநூறுதானே" என்று சொல்லி வருகிறவரிடம், "அந்த இருநூறுக்கு ஐயாயிரம் ரூபாய் விற்கவேண்டுமே ஐயா" என்று பதில் சொல்லப் பழகவேண்டும்.

சாப்ட்வேர் என்பது முன்பு பீரோ வாங்குவதுபோல. ஒருமுறை பணம் கொடுத்தால் நமக்குச் சொந்தம். பெங்களூரில் 1986-இல் தொடங்கிய டாலி இன்றும் அப்படி ஒருமுறை வாங்கும் உரிமத்தைத் தருகிறது. ஆண்டுதோறும் புதுப்பித்தால் புதிய மாற்றங்கள் கிடைக்கும். புதுப்பிக்காவிட்டாலும் வாங்கிய பதிப்பு வேலை செய்யும். ஆனால் உலகம் வாடகை முறைக்குத் திரும்பிவிட்டது. அமெரிக்காவின் அடோபி நிறுவனம் 2013-இல் தனது முக்கிய சாப்ட்வேர்களின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவுக்கு மட்டுமே என்று அறிவித்தது. இன்று நம் கடைக்கு வரும் பெரும்பாலான ஆப்களும் வாடகை வீடுதான். வாடகை கொடுப்பது தவறில்லை. ஆனால் வீட்டைக் காலி செய்யும்போது நமது சாமான்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதே கேள்வி.

நம் வட்டாரத்தில் ஒரு மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். கடன் கணக்கு எழுதி வந்த ஆப், சந்தா முடிந்த மறுநாள் திறக்கவில்லை. மாதம் பிறந்து சம்பளம் வாங்கிய வாடிக்கையாளர் வந்து "என் பாக்கி எவ்வளவு அண்ணாச்சி?" என்கிறார். அண்ணாச்சியிடம் பதில் இல்லை. ஓராண்டுப் பணத்தை அவசரமாகக் கட்டிய பிறகே தம்முடைய கணக்கைத் தாமே பார்க்க முடிந்தது. பற்று வரவு நோட்டைக் கடைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்த கதைதான் இது.

இது கடன் பாக்கியோடு நிற்பதில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்கவேண்டும். அதிகாரி கேட்கும்போது "சந்தா முடிந்துவிட்டது, திறக்கவில்லை" என்று சொன்னால் செல்லுபடியாகாது. எனவே எந்த சாப்ட்வேர் வாங்கினாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். பணம் கட்டுவதை நிறுத்தினால் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? முழுக் கணக்கையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா? முதல் ஆண்டு சலுகை விலை முடிந்த பின், இரண்டாம் ஆண்டு என்ன விலை? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்கவேண்டாம்.

நான்காவது கேள்வியை நமது ஊர் வெள்ளமே கற்றுக்கொடுத்திருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியபோது பேரேடும் நனைந்தது, கம்ப்யூட்டரும் நனைந்தது. வெளியில் ஒரு நகல் வைத்திருந்தவர்தான் தப்பித்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரமும் செல்போன் சிக்னலும் பல இடங்களில் நாள்கணக்கில் இல்லை. இன்டர்நெட் இருந்தால்தான் பில் வரும் என்ற நிலையில் இருந்தவர், பாலும் மெழுகுவர்த்தியும் கேட்டு ஜனங்கள் வாசலில் நின்றபோது கையால்தான் எழுதவேண்டியிருந்தது. ஆகவே கணக்கின் நகல் கடைக்கு வெளியேயும் இருக்கவேண்டும். இன்டர்நெட் இல்லாமலும் பில் போட முடியவேண்டும். இரண்டும் உள்ள சாப்ட்வேருக்குக் கூடுதல் பணம் தருவது வீணல்ல.

அடுத்து, யாருக்கு எது தேவை என்பது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய வணிகருக்கு, மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லில் இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாகிவிட்டது. நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் நாளுக்கு அறுபது பில்லை ஒவ்வொன்றாக அரசுத் தளத்தில் அடித்துக்கொண்டிருக்க முடியாது. எனவே நல்ல சாப்ட்வேரும் அதன் ஆண்டுப் புதுப்பிப்பும் நமக்கு அவசியம். 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், சோப்புக் கட்டி, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியதே, அதுபோன்ற நாளில் நூற்றுக்கணக்கான சரக்குகளுக்கு விகிதத்தைத் தவறில்லாமல் மாற்றித்தரும் ஆள் ஒருவர் போனை எடுக்கிறாரா என்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

ஆனால் காம்போசிஷன் திட்டத்தில் 1 சதவீதம் கட்டி, காலாண்டுக்கு ஒரு படிவம் கொடுக்கும் சிறு மளிகைக் கடைக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை. விற்றுமுதல் 1.5 கோடிக்குள் உள்ளவர்களுக்கு இலவசக் கணக்கு சாப்ட்வேர் தரும் ஏற்பாட்டை ஜி.எஸ்.டி. நெட்வொர்க் 2019-இல் அறிவித்தது. ஆடிட்டரிடம் முதலில் அதைப் பற்றிக் கேளுங்கள். ரிட்டர்ன் தாக்கலும் இ-வே பில்லும் அரசுத் தளத்தில் கட்டணமில்லாதவை. சாப்ட்வேருக்கு 18 சதவீத வரி உண்டு. சாதாரணப் பதிவு உள்ளவர் தமது ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால், வரி விலக்குச் சரக்குக்கு உரிய பங்கு போக மீதியைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன்காரருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு 1,000 ரூபாய் சாப்ட்வேர் 1,180 ரூபாய்தான்.

ஒலிப்பெட்டிக்கு வருவோம். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் வாங்குவது 2020 ஜனவரி 1 முதல் இல்லை. நாம் கொடுப்பது பெட்டிக்கு வாடகை. மாலை நேரக் கூட்டத்தில் பழைய ஸ்கிரீன் ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர் உண்டு. அப்படிப்பட்ட கடைக்குப் பெட்டி லாபமே. ஆனால் ஒன்று போதும். மூன்று கம்பெனிப் பெட்டிகளை வரிசையாக வைத்து மூன்றுக்கும் வாடகை கொடுப்பானேன்?

விலை நிலவரத்துக்குப் பணம் வாங்கும் வாட்ஸ்அப் குழுக்கள் பெருகிவிட்டன. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்திலும், 2016-இல் தொடங்கிய இ-நாம் தளத்திலும் விலைகள் இலவசம். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் நாளிதழிலேயே வருகிறது. நமது ஏஜெண்டுகளுக்கு இரண்டு போன் போட்டால் மீதி தெரிந்துவிடும். நாளிதழ் ஒன்றை மட்டும் நிறுத்தவேண்டாம் என்பது நமது கருத்து. வரிச் செய்தியைப் படிக்காமல் கட்டும் அபராதம் அந்தச் சந்தாவைவிடப் பெரிது. பாட்டுக்கும் படத்துக்கும் கட்டுவது வீட்டுச் செலவு. கடைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். அந்தச் சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. கடையில் வாடிக்கையாளர்களுக்காகப் பாட்டு ஒலிக்க 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும்.

இறுதியாக, தானாகப் பிடித்தம் ஆகும் ஏற்பாடு. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்பவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படியுங்கள். யு.பி.ஐ. ஆட்டோபே எனில் போனிலேயே ரத்து செய்துவிடலாம். எளிதில் சேர்த்துக்கொண்டு வெளியேற விடாமல் அலைக்கழிக்கும் சந்தாப் பொறியை, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முறையற்ற வழிகளில் ஒன்றாகவே பட்டியலிட்டிருக்கிறது.

நமது சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனி ஆளாகக் கேட்டால் சொன்னதுதான் விலை. பெருங்களத்தூர் முதல் பல்லாவரம் வரையுள்ள கடைகள் ஐம்பது சேர்ந்து ஒரே சாப்ட்வேருக்குப் பேசினால் விலையும் குறையும், கணக்கை எடுத்துத் தரும் நிபந்தனையையும் எழுதி வாங்கலாம். சரக்கைச் சேர்ந்து கொள்முதல் செய்யத் தெரிந்த நமக்கு இதுவும் முடியும். அதுவரை, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் பாங்க் பாஸ்புக்கை எடுத்து, போன மாதம் யாரும் திறந்துகூடப் பார்க்காத சந்தா எது என்று பார்த்து, அன்றே நிறுத்துங்கள். கல்லாவில் நிற்கும் பணம்தான் லாபம்.