வலையமைப்புக் கல்வியின் முதற்பாடம்

பல்கலைக்கழகங்களில் கணிப்பொறி இயல் பயிலும் மாணவர்க்கு, வலையமைப்பின் அடிப்படைகள் என்னும் பாடம் பெரும்பாலும் ஒரே முறையில் தொடங்குகிறது. ஆசிரியர் கரும்பலகையில் ஏழு கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைகிறார், ஒவ்வொன்றிற்கும் பெயரிடுகிறார், இவையே கணிப்பொறித் தொடர்பின் ஏழு அடுக்குகள் என்கிறார். மாணவர் அப்பெயர்களை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்கின்றனர். தேர்விலும் அவ்வரிசையே வினாவாக வருகின்றது. இம்முறையில் கூறப்படுவது பொய்யன்று. ஆயினும், வினா இன்னதென்று அறியாத மாணவனுக்கு விடையை மட்டும் கொடுப்பதால் விளையும் பயன் சிறிதே. எந்த இடர்ப்பாட்டை நீக்க வலையமைப்பு தோன்றியதோ, அந்த இடர்ப்பாட்டிலிருந்தே பாடம் தொடங்குதல் வேண்டும். அவ்விடர்ப்பாடு யாதெனில், செய்தி வழியில் தவறிப்போகும் என்பதே.

தொலைபேசி முறையில் இருவர் பேசத் தொடங்கினால், பேச்சு முடியும்வரை ஒரு தடம் அவர்களுக்கெனவே ஒதுக்கப்பட்டு நின்றது. அவர்கள் வாய்மூடி இருந்தாலும் அத்தடத்தைப் பிறர் பயன்படுத்த இயலாது. மனிதர் பேச்சுக்கு இம்முறை ஏற்றதே. கணிப்பொறியின் இயல்போ வேறு. அது ஒரு நொடியில் ஏராளமான செய்தியைக் கொட்டிவிட்டு, அடுத்துப் பல நொடிகள் மௌனமாக இருக்கும். அதற்கெனத் தனித் தடம் ஒதுக்கினால், அத்தடம் பெரும்பொழுது வெறுமையாகவே கிடக்கும். மேலும், இடையில் ஒரு கம்பி அறுந்தால் தொடர்பு முழுவதும் அறும்.

இவ்விரு குறைகளையும் இருவர் தனித்தனியே ஆராய்ந்தனர். அமெரிக்காவில் பால் பாரன், போரினால் பல நிலையங்கள் அழிந்தாலும் எஞ்சியவை தொடர்பு கொள்ளக்கூடிய அமைப்பொன்றை வகுத்து, 1964-ஆம் ஆண்டில் தம் ஆய்வறிக்கைகளை வெளியிட்டார். இங்கிலாந்தின் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் டொனால்டு டேவிஸ், தடங்களைப் பலரும் சிக்கனமாகப் பகிரும் வழியை 1965-ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தார். இருவர் நோக்கமும் வேறு. கண்ட முடிவு ஒன்று. செய்தியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு துண்டும் தன் முகவரியைத் தானே சுமந்து, கிடைத்த வழியே செல்லுதல் வேண்டும். இத்துண்டுகளுக்குப் பாக்கெட் என்று பெயரிட்டவர் டேவிஸ். தமிழில் இவற்றைப் பொதிகள் எனலாம்.

இக்கருத்தின்படி அமைந்த அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பில், 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டது. ‘லாகின்’ என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லே அச்செய்தி. இரண்டு எழுத்துகள் சென்று சேர்ந்தன. அதற்குள் மறுமுனைக் கணிப்பொறி நின்றுவிட்டது. பழுதை நீக்கிய பின்னரே சொல் முழுமையாகச் சென்றது. இந்நிகழ்ச்சி வேடிக்கையாகவே பெரிதும் கூறப்படுகிறது. உண்மையில் அது ஒரு பாடமாகும். வலையமைப்பின் வரலாறு தவறுதலுடனேயே தொடங்கிற்று.

பொதி எவ்வாறு வழியறிந்து செல்கிறது என்பதை விளக்க, இந்திய மாணவனுக்கு அந்நிய உதாரணம் தேவையில்லை. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தபால் இலாகா அறிமுகப்படுத்திய ஆறிலக்கப் பின்கோடு எண்ணே போதும். கொல்கத்தாவில் இடப்பட்ட கடிதத்தின் பின்கோடு 6 என்று தொடங்கினால், அது தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலத்துக்கு உரியது. அங்குள்ள ஊழியர் கடைசி மூன்று இலக்கங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கடிதம் இலக்கை நெருங்க நெருங்க, அடுத்தடுத்த இலக்கங்கள் பொருள்படத் தொடங்குகின்றன. ரௌட்டர் எனப்படும் வழிப்படுத்தும் கருவியும் இவ்வாறே முகவரியின் முற்பகுதியைக் கொண்டு பொதியை அடுத்த கருவிக்குத் தள்ளுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. பின்கோடு நிலப்பரப்பைக் குறிக்கிறது. இணைய முகவரியின் முற்பகுதியோ அவ்வெண் தொகுதி எந்த வலையமைப்புக்கு உரியது என்பதைக் குறிக்கிறது. இவ்வேறுபாட்டையும் சேர்த்துக் கூறினால் உவமை மாணவனை வழிதவறச் செய்யாது.

கடிதத்துக்கும் பொதிக்கும் மற்றோர் ஒற்றுமையும் உண்டு. சாதாரணத் தபாலில் இட்ட கடிதம் சேர்ந்ததா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. இணையத்தின் அடிப்படைப் பணியும் அத்தகையதே. பொதி தொலையலாம், பிந்தலாம், முறை மாறி வரலாம், இருமுறையும் வரலாம். வலையமைப்பு தன்னால் இயன்றதைச் செய்யும். உறுதி எதுவும் தராது. அவ்வாறாயின் உறுதியைத் தருவது யார் என்ற வினா எழுகிறது. இதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவரும் 1984-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விடை கூறினர். இறுதிச் சரிபார்ப்பு இருமுனைகளில் உள்ளோரின் பொறுப்பே என்பது அவர்கள் முடிவு.

தம் கழகத்திலேயே நிகழ்ந்த ஒன்றை அவர்கள் சான்றாகக் காட்டினர். அங்கு ஒவ்வொரு தடத்திலும் பொதிகள் பிழையின்றிச் செல்கின்றனவா என்று சோதிக்கும் முறை இருந்தது. அதனை நம்பிப் பலர் தம் கோப்புகளை முனைகளில் சரிபார்க்காமலே விட்டனர். இடையிலிருந்த ஒரு கணிப்பொறியோ, செய்தியைத் தன் நினைவகத்தில் பெயர்த்தெழுதும்போது, ஏறக்குறைய பத்து லட்சம் பைட்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரு பைட்டுகளை இடம் மாற்றி வைத்தது. தடங்களில் நடந்த சோதனை அனைத்தும் சரியென்றே காட்டிற்று. கோப்புகளோ கெட்டன. உரியவர்கள் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்து, வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. இந்த ஒரு நிகழ்ச்சியைக் கேட்ட மாணவனுக்கு, தடத்தில் ஒரு சரிபார்ப்பும் முனையில் மற்றொரு சரிபார்ப்பும் வெவ்வேறு அடுக்குகளில் ஏன் இருக்கின்றன என்பது தானே விளங்கும்.

உறுதியை முனைகள் ஏற்கும்போது புதியதொரு கேடு தோன்றலாம் என்பதும் கற்பிக்கப்படல் வேண்டும். 1986-ஆம் ஆண்டு அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்துக்கும் ஏறக்குறைய 400 கஜத் தொலைவிலிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்துக்கும் இடையே, நொடிக்கு 32,000 பிட்டுகளாக இருந்த செய்தியோட்டம் 40 பிட்டுகளாக வீழ்ந்தது. கம்பி அறவில்லை, கருவி கெடவில்லை. நெரிசலால் பொதிகள் பிந்தவே, அனுப்பிய கணிப்பொறிகள் அவை தொலைந்தன என்று கருதி மீண்டும் மீண்டும் அனுப்பின. அதனால் நெரிசல் மேலும் பெருகிற்று. வான் ஜேகப்சன் இதனை ஆராய்ந்து 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழி எளிமையானது. அனுப்புவோன் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக மிகுதிப்படுத்துக. பொதி தொலைந்தால் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்க. பொதுவழியில் செல்வோர் ஒவ்வொருவரும் தாமே அடங்கிச் சென்றால்தான் வழி அனைவர்க்கும் பயன்படும் என்பது இதன் சாரம்.

இங்குச் சிறிது கணிதமும் தேவை. பொதிகள் ஒழுங்கின்றி வந்து சேரும் ஒரு தடத்தை எளிய வரிசைக் கோட்பாட்டின்படி ஆராய்ந்தால், தடம் பாதியளவு பயன்படும்போது ஒரு பொதிக்கு ஆகும் சராசரி நேரம், வெறுமையான தடத்தில் ஆவதைப்போல் இருமடங்கு. பயன் 90 விழுக்காடானால் பத்து மடங்கு. 95 விழுக்காடானால் இருபது மடங்கு. கடைசி 5 விழுக்காட்டின் விலை, அதற்கு முந்திய 90 விழுக்காட்டின் விலைக்கு நிகராகிவிடுகிறது. தடத்தை முழுதும் நிரப்புவதே சிக்கனம் என்று எண்ணும் நிர்வாகிகளும் இக்கணக்கை அறிதல் நன்று.

இவை யாவும் ஆராய்ச்சியாளர்க்கு மட்டுமே உரியவை என்று ஒதுக்க இயலாது. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டில் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்புத் திட்டம் எட்டு நிறுவனங்களுடன் தொடங்கியபோது, வலையமைப்பு சிலரது கருவியாக இருந்தது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பொதுமக்களுக்கு இணைய வசதி அளிக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் யூபிஐ முறை வந்தபின், காய்கறி விற்பவரின் அன்றாட வரவுசெலவும் பொதிகளின் வழியே நடைபெறலாயிற்று. பல மாநிலங்களின் நியாய விலைக் கடைகளில் கைரேகையைத் தொலைவிலுள்ள கணிப்பொறியுடன் ஒப்பிட்ட பின்னரே அரிசியும் கோதுமையும் வழங்கப்படுகின்றன.

இத்தகைய கருவியொன்றை அமைக்கும் பொறியாளர், தொடர்பு எப்போதும் இருக்கும் என்று எண்ணி அமைத்தால் நேர்வது என்ன? பணம் செலுத்துவோர் ஒருவரின் கட்டளை வங்கியை அடைகிறது. கணக்கில் தொகை கழிக்கப்படுகிறது. ஆனால் அதனைத் தெரிவிக்கும் மறுமொழி வழியில் தொலைகிறது. அனுப்பிய கருவிக்குத் தெரிவது மௌனம் ஒன்றே. கட்டளை தொலைந்ததா, மறுமொழி தொலைந்ததா என்பதை அம்மௌனத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாது. மீண்டும் அனுப்பினால் தொகை இருமுறை கழியலாம். அனுப்பாவிடில் கடைக்காரருக்குப் பணம் சேராமற் போகலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுமுறை வந்தால் வங்கி அதனைப் புதிதாகக் கொள்ளாதிருப்பதே இதற்கு மருந்து. அவ்வாறே, இணைப்பு அறுந்த வேளையில் நியாய விலைக் கடைக்கு வந்த முதியவரைத் திருப்பி அனுப்புவதா, வேறு சான்றைக் கொண்டு பொருளை வழங்கிவிட்டுப் பின்னர்க் கணக்கை நேர்செய்வதா என்பதும் அமைப்போர் முன்னரே முடிவு செய்ய வேண்டிய செய்தி. ஏழு அடுக்குகளின் பெயரை மட்டும் அறிந்தவருக்கு இவ்வினா எழவே எழாது. எழாத வினாவின் விலையை, அரிசி கிடைக்காமல் வீடு திரும்புவோர் கொடுக்க நேரும்.

இக்கருத்துக்கு மறுப்புகள் உண்டு. அடுக்குமுறை பரந்த பாடத்துக்கு ஒழுங்கான வரைபடம் போன்றது. அதனை முதலில் தராவிடில் மாணவர் திசை தெரியாது தடுமாறுவர் என்பர் சிலர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆயினும், ஏழு அடுக்குத் திட்டம் அனைத்துலகத் தரநிர்ணய நிறுவனத்தால் 1984-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1983-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில், அர்ப்பாநெட் முழுவதும் டிசிபி, ஐபி நெறிமுறைகளுக்கு மாறிவிட்டது. இன்றைய இணையம் அந்நெறிமுறைகளின்மீதே இயங்குகிறது. அதனை விளக்க நான்கு அல்லது ஐந்து அடுக்குகளே போதுமானவை. ஊரைச் சிறிது சுற்றிப் பார்த்தவனுக்கே வரைபடம் பயன்படும். அடுக்குகளைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டு வாரம் பிந்திக் கற்பித்தால் போதும்.

சிறிய கல்லூரிகளில் சோதனைச்சாலைக்கு வசதியில்லை என்பது மற்றொரு மறுப்பு. இப்பாடத்துக்கு விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டுவதில்லை. இரண்டு பழைய கணிப்பொறிகளும் அவற்றை இணைக்கும் ஒரு கம்பியும் போதும். பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில், நூற்றுக்கு ஐந்து பொதிகளை வேண்டுமென்றே கைவிடவும், எஞ்சியவற்றைத் தாமதப்படுத்தவும் வசதி உண்டு. முதல் வகுப்பில் மாணவன் ஒரு கோப்பை அனுப்பட்டும். ஆசிரியர் பொதிகளைக் கைவிடச் செய்யட்டும். கோப்பு கெடுவதை மாணவன் கண்ணால் காணட்டும். பின்னர், அக்கோப்பைச் சரியாகச் சேர்ப்பிக்கும் முறையை அவனே எழுத முயலட்டும். எண்ணிடுதல், ஒப்புதல் பெறுதல், காத்திருத்தல், மறுபடி அனுப்புதல் ஆகிய யாவற்றையும் அவன் ஒரு வாரத்தில் தானே கண்டுபிடிப்பான்.

இரண்டாவது சோதனை இதனினும் எளிது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தில்லிக்கும் சென்னைக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 1,750 கிலோமீட்டர். ஆகவே ஒரு பொதி சென்று மீள, 17.5 மில்லி நொடிக்குக் குறையாமல் ஆகும். பிங் என்னும் கட்டளையைக் கொண்டு அளந்தால், கிடைக்கும் எண் அதனினும் பெரிதாகவே இருக்கும். எஞ்சிய நேரம் எங்கே சென்றது? இழை நேர்க்கோட்டில் செல்லாததாலா, இடைக் கருவிகளின் வரிசையில் காத்திருந்ததாலா? இவ்வினாவை வகுப்பின்முன் வைத்துவிட்டு ஆசிரியர் சற்று வாளாவிருப்பாராயின், அந்த அரைமணி நேர விவாதம் பல பக்கக் குறிப்புகளுக்கு ஈடாகும்.

பாடத்திட்டக் குழுக்கள் செய்ய வேண்டிய மாற்றம் மிகச் சிறிது. புதிய துறையோ, பெரும் பொருட்செலவோ தேவையில்லை. முதல் இரண்டு வாரங்களின் வரிசையையும், தேர்வின் முதல் வினாவையும் மாற்றினால் போதும். அடுக்குகளின் பெயரைக் கேட்கும் இடத்தில், மறுமொழி வாராத ஒரு கட்டளையைக் கொடுத்து, இனிச் செய்ய வேண்டுவது யாது என்று கேட்கலாம். அதற்கு விடை எழுதக் கற்ற மாணவன் அமைக்கும் கருவி, தொடர்பு அறுந்த நாளிலும் தன்னை நம்பி வந்தவரைக் கைவிடாது.