ஸ்டூல் போட்டால் போதுமா?

கடைகளில் வேலை செய்பவர்கள் உட்காரும் உரிமைக்காகத் தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. அங்கே அதற்காகப் போராடியவர்கள் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள். ஆலைத் தொழிலாளிக்கோ 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இந்த உரிமையைத் தந்திருந்தது. பிரிட்டனில் கடைப் பெண்களுக்கு இருக்கை தரச் சொன்ன சட்டம் 1899-இல் வந்தது. நாம் தாமதமாகத்தான் வந்தோம். ஆனால் வேலைக்கிடையே ஓய்வு கிடைக்கும்போது ஒருவரை உட்காரவிடுவதற்கே சட்டம் தேவைப்பட்டது என்றால், கோளாறு ஆள்களை மேய்க்கும் முறையில் இருக்கிறது.

பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் சேலைத் தளத்தை, கூட்டமில்லாத ஒரு மதிய வேளையில் கவனியுங்கள். விற்பனைப் பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். சூப்பர்வைசர் தலை தெரிந்ததும், மடித்து வைத்த சேலையையே பிரித்து மறுபடி மடிப்பார்கள். இதனால் ஒரு சேலைகூடக் கூடுதலாக விற்காது. எந்தப் பெண்ணுக்குச் சரக்கு அத்துப்படி, யார் பொறுமையாக எடுத்துக் காட்டுகிறார், யாரைத் தேடி வாடிக்கையாளர்கள் திரும்ப வருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள மேலாளர் மெனக்கெட வேண்டும். நிற்கிறாரா, உட்கார்ந்தாரா என்று பார்க்க எந்த மெனக்கெடலும் வேண்டாம், ஒரு கேமராவே போதும். அதனால்தான் நிற்பதே வேலை என்றாகிவிட்டது. நாள் முழுக்க நிற்பதால் வரும் இடுப்புவலியும் நரம்புச் சுருட்டும் அந்தப் பெண்ணுக்கு. மாலைக் கூட்டத்தில் சோர்ந்த முகம் கடைக்கு. முடியாமல் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டால், பழகிய கையை இழப்பதும் முதலாளிதான்.

உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் அவமரியாதையாக நினைப்பார் என்கிறார்கள். காஞ்சிபுரம் பட்டுக் கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் உட்கார்ந்துதான் காலங்காலமாகச் சேலையை விரித்துக் காட்டினார்கள். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர் யாரும் அதை அவமரியாதை என்று எழுந்து போகவில்லை. ஜெர்மனியின் ஆல்டி கடைகளில் கேஷியர்கள் உட்கார்ந்துதான் பில் போடுகிறார்கள். வேகத்துக்குப் பெயர் போனவர்கள் அவர்கள். இடம் கொடுத்தால் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. கூட்ட நேரத்தில் எழாதவர் ஒருவர் இருக்கலாம்தான். அவரைக் கூப்பிட்டுப் பேசுவதற்குத்தான் சூப்பர்வைசருக்குச் சம்பளம். அந்த ஒருவருக்காகத் தளம் முழுவதையும் நிற்க வைப்பது, தன் வேலையைத் தட்டிக்கழிப்பது.

சட்டத்துக்காக ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தவரை முறைத்துப் பார்த்தால் அந்த ஸ்டூலால் பயனில்லை. எனவே தொழிலாளர் துறை ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைக்குப் போனால் இருக்கைகளை எண்ணுவதோடு திரும்பிவிடாதீர்கள். கூட்டமில்லாத மதியத்தில் போய், அவற்றில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.